உற்றவனும் தீர்ப்பானும்

திருக்குறளிலே ‘மருந்து’ என்பது ஓர் அதிகாரம். அதன் ஈற்றுக் குறள் மருத்துவத்தை நாற்கூறாக வகுத்து நிறுத்துகின்றது. நோயை உற்றவன் ஒரு கூறு. அதனைத் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. பக்கத்திலிருந்து மருந்தை இயற்றிக் கொடுப்பவன் ஒரு கூறு. இந்நான்குங் கூடியவிடத்து மருத்துவம் உண்டு. ஒன்று குறைந்தால் மருத்துவமுங் குறைந்துபோம்.

வடமொழியிலே சரக சங்கிதையும் இந்நான்கினையே மருத்துவத்தின் நாற்பாதங்கள் என்று கூறும். பொருள் ஒன்றே, வைப்புமுறை வேறு. அங்கே வைத்தியன் முதலில் நிற்கின்றான். மருந்து அவனையடுத்து நிற்கின்றது. பரிசாரகன் மூன்றாவது. நோயாளி கடைசி. வள்ளுவரோ நோயாளியை முதலில் நிறுத்தினார். ஈற்றயற் குறளிலும், கற்ற மருத்துவன் கருதவேண்டியவற்றை எண்ணுமிடத்து, நோயாளியின் அளவு முதலாவது, நோயின் அளவு அடுத்தது, காலம் மூன்றாவது.

‘இஃது எதுகை செய்த வேலை’ என்று மாணவர் ஒருவர் சொல்லக்கூடும். ஈற்றயற் குறளில் ‘உற்றான்’ என்பதற்குக் ‘கற்றான்’ எதுகை. அங்கே அந்த நியாயம் ஓரளவு செல்லும். ஈற்றுக் குறளிலே ‘உற்றவன்’ என்ற சொல்லுக்கு இரண்டாமடியில் அத்தகைய எதுகை இல்லை. எதுகை வற்புறுத்தாத இடத்தும் உற்றவனே முன்வந்து நிற்கின்றான். அது கருதத்தக்கது.

வரிசையில் முதலிடங் கிடைத்தது. அவ்வளவினால், தன் உடம்பைப் பற்றிய தீர்மானத்திலும் நோயாளிக்கு முதலிடங் கிடைத்துவிட்டதா? அது வேறு கேள்வி.

பரிமேலழகர் இந்நான்கு கூற்றுக்கும் நந்நான்கு பகுதி காட்டுகின்றார். நோயாளிக்கு அவர் வேண்டுவன: கையிற் பொருளிருத்தல், மருத்துவன் சொல்வழி நடத்தல், தன் நோயின் நிலையை அவனுக்கு எடுத்துரைத்தல், மருந்தினால் வருந் துன்பத்தைத் தாங்குதல் என்பன. நோயாளி வாய்திறந்து மருத்துவனுக்குச் சொல்லவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். மருத்துவன் வாய்திறந்து நோயாளிக்குச் சொல்லவேண்டியது என்ன? அது அங்கே இல்லை. மருத்துவனுக்குரிய நான்கிலும் இல்லை. நோய்கண்டு அஞ்சாமை உண்டு. கல்வியும் நுண்ணறிவும் உண்டு. பல நோய் தீர்த்த பழக்கம் உண்டு. மனமொழிமெய்களின் தூய்மை உண்டு. உண்மை சொல்லுதலும் அந்தத் தூய்மையுள் அடங்கும் என்று கொள்வார் கொள்க. வெளிப்படையாக இல்லை.

பரிமேலழகரைக் குறைகூறும் நோக்கம் நமக்கில்லை. பழைய உலகம் முழுவதும் அவ்வாறுதான் இருந்தது. கிரேக்க நாட்டிலே இப்போகிறாத்தசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி புகழ்பெற்றது. நோயாளிக்கு நன்மை செய்வேன், தீங்கு செய்யேன், அவன் வீட்டிற் கண்டதையுங் கேட்டதையும் வெளியிடேன் என்பன அதிலே உண்டு. நோயாளியின் கருத்தைக் கேட்டுச் செய்வேன் என்பது இல்லை. அதே மரபைச் சேர்ந்த மற்றொரு சிறுநூல், நோயாளியின் எதிர்காலத்தை அவனுக்கு வெளியிடாது மறைத்தலே நலம் என்று மருத்துவனுக்குப் புத்தி சொல்கின்றது. சரகருடைய நூலில் மாணாக்கனுக்கு ஆசிரியன் கூறும் விதிகளிலும் இதனை ஒத்தது உண்டு. நோயாளியின் ஆயுள் முடிவது தெரிந்தாலும், சொன்னால் அவனுக்கோ பிறர்க்கோ அதிர்ச்சி உண்டாகுமாயின் சொல்லாதொழிக என்பது விதி.

இந்த மௌனத்தின்மேலே பழையவர்கள் பெரியதொரு நம்பிக்கையை வைத்தார்கள். குலசேகராழ்வார், இறைவன் எத்துணைத் துன்பந் தந்தாலும் அவனை விட்டு நீங்காத அன்புக்கு உவமை தேடினார். அறுத்தும் சுட்டும் மருத்துவம் பார்ப்பவனிடத்து நோயாளி கொள்ளும் அன்பையே உவமையாகக் கண்டார். நம்பிக்கைக்கு அதனினும் உயர்ந்த உவமை கிடைத்தல் அரிது. அதனைச் சிறிதென்று நாம் சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவிடத்து மருந்தும் வேலை செய்யத் தயங்கும்.

சுசுருதர் கதை இன்னும் சுவையானது. சலப்பையிற் கல்லடைந்த நோய்க்குச் சத்திரசிகிச்சை கூறவந்த இடத்திலே, வாளாவிருந்தால் மரணம் நிச்சயம். அறுத்தாற் பிழைப்பது ஐயம். ஆதலின் அனுமதி பெற்றே செய்க என்கின்றார். இரண்டு பக்கத்தையும் தராசிலிட்டு நிறுத்துக் காட்டி, அனுமதி கேள் என்கின்ற இந்த முறை இன்றைய மருத்துவ அறத்துக்கு மிக அண்மையில் வந்துவிட்டது. ஆயின், யாரிடம் அனுமதி? தலைவனிடம், அரசனிடம் என்பர். கல் யாருடைய வயிற்றில் இருக்கின்றதோ அவனைக் கேள் என்று சொல்லவில்லை. கேள்வி சரியாக இருந்தது; கேட்கப்பட்ட ஆள் மாறியிருந்தார்.

அந்த ஆளைச் சரியாகக் காட்டியது இருபதாம் நூற்றாண்டு. 1914ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் நியூயோர்க் மாநில நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. மயக்கமருந்து கொடுத்துப் பரிசோதிப்பதற்கு மாத்திரம் ஒரு பெண் இசைந்தாள். சத்திரசிகிச்சை வேண்டாம் என்றாள். மயக்கத்தில் இருக்கும்போதே கட்டி அகற்றப்பட்டது. நீதியரசர் கார்டோசோ, வயதும் தெளிந்த மனமும் உடைய ஒவ்வொருவருக்கும் தம் உடம்பிற் செய்யப்படுவதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று எழுதினார். வழக்கிலே அந்தப் பெண் தோற்றாள். வேறு நியாயங்களால் வைத்தியசாலை பொறுப்பினின்றும் நீங்கியது. அவள் தோற்றாலும் அந்த வாக்கியம் வென்றது.

இரண்டாம் உலகப்போரின் பின், சிறைமுகாம்களில் மனிதரை வைத்துக் கொடிய சோதனைகள் செய்த ஜெர்மானிய மருத்துவர்கள் முதலாயினோர் நூரெம்பேர்க் நகரிலே விசாரிக்கப்பட்டனர். 1947ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே பத்து விதிகள் வகுக்கப்பட்டன. முதல் விதி, சோதனைக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான சம்மதம் இன்றியமையாதது என்பது.

விதி எழுதப்பட்டது, நடந்தது வேறு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ரஸ்கீகி என்னும் இடத்திலே, அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவையினர் 1932ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கினர். ஏழைக் கறுப்பின ஆடவர் 600 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 399 பேர் சிபிலிஸ் என்னும் மேகக்கிரந்தி நோய் உடையவர். அந்நோயை மருந்தின்றி விட்டால் என்ன செய்யும் என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். நோயாளருக்கு அது சொல்லப்படவில்லை. ‘உங்களுக்குக் கெட்ட இரத்தம்’ என்று மாத்திரம் சொல்லப்பட்டது. 1940களில் பெனிசிலின் அந்நோய்க்குரிய மருந்தாக வழக்குக்கு வந்தது. அதுவும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 1972ஆம் ஆண்டு பத்திரிகைகள் வெளிப்படுத்தியபின்னரே ஆய்வு நின்றது. 1997ஆம் ஆண்டிலே ஜனாதிபதி கிளின்ரன் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்.

நாற்பது ஆண்டுக் கொடுமையை மூடிவைத்தது எது? ஒரு சொற்றொடர். ‘கெட்ட இரத்தம்’ என்பது களைப்புக்கும் பெயர், இரத்தக்குறைவுக்கும் பெயர், எந்தச் சோர்வுக்கும் பெயர். எல்லாவற்றுக்கும் பெயராகிய சொல் ஒன்றுக்கும் பெயராகாது. அந்தச் சொல்லைக் கேட்டவர்கள், தாங்கள் ஏதோ கேட்டறிந்துவிட்டதாகவே எண்ணினார்கள். மௌனத்தினும் இது கொடியது. மௌனம் கேள்வியை எழுப்பும். பொருளற்ற சொல் கேள்வியை அடக்கிவிடும்.

இத்தகைய அனுபவங்களின் பின்னேதான் மருத்துவ அறம் ஒரு நூன்முறையாக வளர்ந்தது. பீச்சம், சில்ட்ரஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே நான்கு நெறிகளை வகுத்தனர். உலகெங்கும் மருத்துவ மாணவர் ஓதுவன அவை. நோயாளியின் தன்னுரிமையை மதித்தல் ஒன்று; தீங்கு செய்யாமை ஒன்று; நன்மை செய்தல் ஒன்று; நடுவுநிலைமை ஒன்று. இங்கேயும் நான்கு. பின்னைய மூன்றும் பழைய அறநூல்களுக்கு அந்நியமானவையல்ல. தன்னுரிமை புதிதாக வந்தது. செய்யப்போவதனை அறிந்து ‘ஆம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லும் உரிமை அது. கேட்ட மருந்தெல்லாம் கொடுக்கவேண்டும் என்று மருத்துவரை வற்புறுத்தும் உரிமை அன்று.

நான்கும் ஒரே திசையில் நடக்கும்போது சங்கடமில்லை. நன்மை செய்தலுந் தன்னுரிமையும் முரணும்போதுதான் சோதனை. அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஸ்கொத்லாந்திலே எழுந்த மொன்ட்கொமரி வழக்கு.

1999ஆம் ஆண்டு. லனார்க்ஷயர் பகுதியிலே ஒரு பெண் தலைப்பிள்ளையை எதிர்பார்த்திருந்தார். குறுகிய உடலமைப்பினர், நீரிழிவு நோயுமுடையவர். நீரிழிவுள்ள தாயரின் பிள்ளைகள் பருத்திருத்தல் வழக்கம். தலை வெளிவந்தபின் தோள் தடைப்படும் அபாயம் அத்தகைய தாயரில் நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேருக்கு உண்டு. பிள்ளை பெரிதாயிருக்கின்றதே என்று அவர் கவலைப்பட்டுக் கேட்டார். மகப்பேற்று நிபுணர் இந்த அபாயத்தைச் சொல்லவில்லை. அதற்கு அவர் பின்னர் நீதிமன்றத்திற் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. தோள் தடைப்பட்டாலும் பிள்ளைக்குப் பெருந்தீங்கு நேர்வது மிக அரிது. சொன்னால் தாய்மார் எல்லாரும் சிசேரியன் சத்திரசிகிச்சையையே கேட்பார்கள். அது தாய்மாருக்கு நன்மையன்று என்பது.

தோள் தடைப்பட்டது. தலை தோன்றிய பின் பிள்ளை பிறப்பதற்குப் பன்னிரண்டு நிமிடஞ் சென்றது. மூச்சுக்காற்றுப் போதாமையினாற் பிள்ளையின் மூளை பாதிக்கப்பட்டது.

அந்த மருத்துவர் தீயவர் அல்லர். தாய்க்கு நன்மை எதுவோ அதனைத் தாமே தீர்மானித்தார். பழைய மருத்துவன் செய்ததும் அதுவே. ஸ்கொத்லாந்து நீதிமன்றங்கள் இரண்டிலும் தாய் தோற்றார். மருத்துவருள் ஒரு சாரார் சொல்லாதுவிடுதலைச் சரியென்று கொண்டால் அதுபோதும் என்பது அன்றைய சட்டநிலை. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐக்கிய இராச்சியத்து உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் எழுவரும் ஒருமுகமாக அந்நிலையை மாற்றினர். எதைச் சொல்லவேண்டும் என்பதற்கு அளவுகோல் மருத்துவர்களின் வழக்கமன்று. அந்த நோயாளியின் நிலையிலிருக்கும் ஒருவர் எதனை முக்கியமென்று கருதுவாரோ அதுவே அளவுகோல் என்றனர். தாய்க்கு 52 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் நட்டஈடு கிடைத்தது.

அத்தீர்ப்பிலே இரண்டு செய்திகள் நம்முடைய ஆசிரியர்களும் மாணவர்களும் மனங்கொள்ளத்தக்கவை.

ஒன்று: அந்தத் தாய் எழுத்தறியாதவர் அல்லர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் கற்ற பட்டதாரி. தாயும் சகோதரியும் மருத்துவர். அத்தகையவருக்கே சொல்லப்படவில்லையாயின், வைத்தியசாலை வாசலிலே துண்டைக் கையிற் பிடித்துக்கொண்டு ‘எந்த அறைக்குப் போறது, பிள்ளை?’ என்று கேட்டு நிற்கும் ஆச்சிக்கு யார் சொல்வார்?

மற்றொன்று: விளங்காத கலைச்சொற்களை நோயாளியின் தலையிற் கொட்டுவதனால் மருத்துவரின் கடமை தீர்ந்துவிடாது, வழமையாக ஒரு பத்திரத்தில் கையொப்பம் வாங்குவதனால் தீர்தல் அதனினும் இல்லை என்ற கருத்து. கையொப்பம் வேறு, சம்மதம் வேறு. கையொப்பம் கையினாற் செய்யப்படும். சம்மதம் அறிவினாற் செய்யப்படும்.

இந்நெறிக்கு விலக்குகளும் உண்டு. அறிவிழந்து கிடப்பவரைக் காப்பாற்றுதற்கு அவர் விடைதரும்வரை காத்திருக்க முடியாது. குழந்தைக்காகப் பெற்றோர் பேசவேண்டும். ‘எனக்கொன்றும் சொல்லவேண்டாம், நீங்களே பாருங்கள்’ என்று நோயாளி தாமே சொன்னால், அதுவும் தன்னுரிமையின் பாற்படும். சொல்லுதலே பெருந்தீங்கு செய்யுமாயின் மருத்துவர் அடக்கிவைக்கலாம் என்ற விலக்கும் உண்டு. ஆயின் அந்த விலக்கு விதியை விழுங்கிவிடக்கூடாது என்பதனை நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிற்று.

நம்மவரிடத்தே விழுங்கியே விட்டது. ‘அம்மாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேயுங்கோ, டொக்டர், அவ தாங்கமாட்டா’ என்பது நம்முடைய ஊர்களிலே நாளாந்தம் கேட்கும் குரல். புற்றுநோய் என்ற சொல் வீட்டு வாசலைக் கடந்து உள்ளே வருவதில்லை. மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், அயலவருக்குத் தெரியும், படுத்திருப்பவருக்கு மாத்திரம் தெரியாது. அல்லது, தெரியாதென்று எல்லாரும் நம்புகின்றார்கள்.

தமிழிலே ‘உற்றவன்’ என்ற சொல்லுக்கு நோயுற்றவன் என்பதும் பொருள். உறவினன் என்பதும் பொருள். உற்றார் உறவினர் என்கின்றோமன்றோ? குறள் முதலில் நிறுத்தியது நோயுற்றவனை. நம் வைத்தியசாலைகளிலோ அவனுடைய இடத்தில் உற்றார் வந்து நிற்கின்றனர். அன்பினால் வந்து நிற்கின்றனர் என்பதில் ஐயமில்லை. அன்பு செய்யும் தவறு பகை செய்யும் தவறினும் திருத்துதற்கு அரியது.

சொல்லாமையினால் வரும் நட்டத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். தமக்கு ஆறு மாதமே உண்டு என்று அறிந்த ஒருவர் மரணசாதனம் எழுதுவார். காணி உறுதியை ஒழுங்குசெய்வார். பத்து வருடம் பேசாதிருந்த தம்பியை அழைப்பார். நல்லூர்த் திருவிழாவை இன்னொரு முறை பார்க்க ஆசைப்படுவார். இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டாம், வீட்டிலே கிடக்கின்றேன் என்பார். இவற்றையெல்லாம் ‘தாங்கமாட்டார்’ என்ற ஒரு சொல் பறித்துவிடுகின்றது. உண்மையில், தளர்ந்துகொண்டு வரும் உடம்பு உள்ளிருப்பவருக்குச் செய்தியைச் சொல்லாதிருப்பதில்லை. அவர் அறிந்தும் அறியாதவர்போற் கிடக்கின்றார். பிள்ளைகள் அழுதும் அழாதவர்போல் வருகின்றனர். கடைசி நாட்கள் நாடகத்திற் கழிகின்றன.

முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. ‘உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகின்றீர்கள்? உங்களுக்கே சொல்லவா, பிள்ளைகளுக்குச் சொல்லவா?’ என்று நோயாளியையே கேட்பது. விடை எதுவாயினும் அது அவருடைய விடை. குடும்பத்தோடு கூடித் தீர்மானிக்க அவர் விரும்பினால் அந்த நல்ல வழக்கமும் அழியாது.

இனி நடுவுநிலைமை. அதனை மருந்துப் பங்கீட்டளவில் நிறுத்திவிடுதல் போதாது. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலையிலே ஏழைக்கும் மருந்து இலவசம். விளக்கமும் அவ்வாறு எல்லாருக்கும் ஒத்த அளவிற் கிடைக்கின்றதா? மருத்துவபீடங்களிலே கல்வி ஆங்கிலத்தில் நடக்கின்றது. நோயாளிக்குத் தெரிந்தது தமிழோ சிங்களமோ. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகருமமொழி என்று கூறிற்று. சட்டம் கூறியது படுக்கையருகே வந்துசேர்தல் வேண்டும். நோயாளியின் மொழி தெரியாத மருத்துவரும், மருத்துவரின் மொழி தெரியாத நோயாளியும் எதிரெதிரே இருக்கும்போது, தன்னுரிமை என்பது ஏட்டுச் சுரைக்காய்.

இதனை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே உணர்ந்து தொண்டுசெய்தவர் ஒருவர் நம் மண்ணில் வாழ்ந்தார். அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரிற் பிறந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே மருத்துவங் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860களிலே தமிழுக்கு மாறினார். அவரிடங் கற்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என மேல்நாட்டு மருத்துவத்துறை நூல்கள் பல அவருடைய முயற்சியாற் தமிழில் வந்தன. சமயப்பணியாளராய் வந்தவர் அவர். அது வேறு பொருள். தமிழருக்கு மருத்துவத்தைத் தமிழிற் சொல்லமுடியும் என்பதனை அவர் செய்து காட்டினார். அவர் ஆக்கிய சொற்களுள் நின்றவையும் உண்டு, மறைந்தவையும் உண்டு. துணிவு மாத்திரம் மறையத்தக்கதன்று.

கலைச்சொல் ஆக்குதலோடு தமிழர் கடமை முடிந்துவிடுவதுமில்லை. ‘புறஞ்செலுத்து குழாய்’ என்று தூய தமிழில் எழுதிவிட்டாலும், ஆச்சிக்கு அதுவும் ஆங்கிலமே. ஆச்சிக்கு வேண்டியது அபாயம் என்ன, பயன் என்ன, வேறு வழி உண்டா, ஒன்றுஞ் செய்யாதுவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கு செய்தி. அவற்றை அடுப்படித் தமிழிற் சொல்லலாம். ‘பத்துத் தாய்மாரில் ஒருவருக்குப் பிள்ளையின் தோள் சிக்கக்கூடும்’ என்பதிலே கலைச்சொல் எங்கே உள்ளது?

சொன்னது விளங்கியதா என்று அறியும் வழியையும் ஆசிரியர்கள் நன்கறிவர். பாடஞ் சொல்லி முடித்து ‘விளங்கிற்றா?’ என்று கேட்டால் வகுப்பு முழுவதும் ‘விளங்கிற்று’ என்னும். ‘எழுந்து நீ சொல், பார்க்கலாம்’ என்றாற்றான் உண்மை வெளிப்படும். மேல்நாட்டு வைத்தியசாலைகளிலே இம்முறையை இப்போது மருத்துவருக்குக் கற்பிக்கின்றார்கள். நோயாளி தம் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லும்வரை, அவருக்கு விளங்கிற்று என்று கொள்ளலாகாது என்பது அம்முறை.

தமிழாசிரியர்களும் மருத்துவர்களும் ஒரு மேசையில் இருந்து செய்யத்தக்க பணி இது. சம்மதப் பத்திரத்திலிருந்தே தொடங்கலாம். எழுதியதை எழுத்தறியாத ஓர் ஆச்சிக்கு வாசித்துக் காட்டுக. அவர் விளங்கிக்கொண்டதைத் தம் வாயாற் சொல்லட்டும். அவர் தடுக்கிய சொல் எதுவோ, அது எத்துணை அழகிய சொல்லாயினும், அதனை வெட்டிவிட்டு மறுபடியும் எழுதுக.